நான் சந்தேகப்படாத அந்த ஒரு நாள்

மதினி,

இன்று சாயங்காலம் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து அந்த நீலத் துணிப்பையை எடுத்தேன். நாளைக்கு எனக்கு வருஷச் சோதனை. பழைய படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். பையின் வாயைத் திறந்ததும் பெருங்காய வாசனை வந்தது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பெருங்காயம் எப்படி வந்தது என்று வேறு யாராவது கேட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும். மாட்டுங்காவில் டீச்சரம்மா வீட்டுச் சமையலை முடித்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடியே நேராக ஆஸ்பத்திரிக்கு வருவீர்கள். வந்ததும் முதல் வேலையாக இந்தப் பையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வீர்கள். ஒன்றரை வருஷம் இது உங்கள் மடியில்தான் இருந்தது. நீங்கள் போய் நாலு வருஷம் ஆகிறது. வாசனை போகவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் தம்பி வேலையிலிருந்து வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே டீ போட்டார். உங்களைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. பேசினால் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்போம்; அந்த இடத்தில் நிற்க இரண்டு பேருக்கும் பயம். அதனால் உங்களிடமே பேசிவிடலாம் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி நான் தாராவிக்கு வந்தபோது, வாசலில் ஆரத்தி எடுத்தது நீங்கள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, ஒரு பெண் குழந்தையோடு இந்த ஊரில் சமையல் வேலை பார்த்துப் பிழைத்தவர். ஆரத்தித் தட்டுக்கு மேலே உங்கள் கண் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை அளந்தது. அன்றைக்கு வந்த பயம் எனக்குப் பதினேழு வருஷம் போகவில்லை.

நீங்கள் எதையும் நம்பமாட்டீர்கள். பால் வாங்கினால் முகர்ந்து பார்ப்பீர்கள். காய்ச்சிய பிறகும் முகர்வீர்கள். புது கேஸ் சிலிண்டர் வந்தால், மாட்டியவன் தெருமுனையைத் தாண்டும் முன்பே குழாயில் சோப்பு நுரையைத் தடவி முட்டை விடுகிறதா என்று குனிந்து பார்ப்பீர்கள். ரிக்‌ஷாக்காரன் எந்தப் பக்கம் திரும்பினாலும் "இதர் கிதர் ஜாத்தா ஹை?" என்று, இந்தப் பக்கம் எங்கே போகிறாய் எனக் கேட்டு, அவன் தோளைத் தட்டுவீர்கள். "மதினி, எல்லாரும் திருடங்களா?" என்று ஒருமுறை கேட்டேன். "எல்லாரும் இல்லட்டி. யாருன்னு தெரியாதுல்லா, அதான்" என்றீர்கள்.

எனக்கும் உங்கள்மேல் நம்பிக்கை இருந்ததில்லை. அதற்கு நீங்கள்தான் காரணம் கொடுத்தீர்கள். கல்யாணமாகி ஆறு வருஷம் எனக்குக் குழந்தை தங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சமையல் மேடையில் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது, என் காதில் விழட்டும் என்றே உங்கள் தம்பியிடம் சொன்னீர்கள். ஊரில் ஒரு பெண் இருக்கிறாள், நம்ம சொந்தம்தான், பார்க்கட்டுமா என்று. அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நீங்கள் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும், கையில் பலகாரத்தோடு வந்தாலும், இவள் என்னை அனுப்பிவிடப் பார்க்கிறாள் என்ற ஓர் எண்ணம் எனக்குள்ளே உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் அந்தக் கட்டி வந்தது. எனக்கு முப்பத்தொன்பது வயது. நான் தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் ஒரு சட்டை தைக்கும் கார்கானாவில் செக்கர். தைத்து முடித்த சட்டைகளை விரித்து, விட்டுப்போன நூல், கோணல் தையல், பொத்தான் துளை எல்லாம் பார்த்துத் தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் குறை கண்டுபிடிக்கிற என் விரல்கள், குளிக்கும்போது இடது மார்பில் பட்டாணி மாதிரி ஒன்றைத் தொட்டன. வலியில்லை. நகர்ந்தும் கொடுக்கவில்லை. பக்கத்துச் சந்து டாக்டரிடம் போனேன். அவர் ஆடைக்கு மேலேயே இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கொழுப்புக் கட்டி, மாத்திரை சாப்பிடு, கரைந்துவிடும் என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கு வரும் வழியில் பூ வாங்கி வைத்துக்கொண்டேன். நாம் கேட்க ஆசைப்படுவதை ஒருவர் சொல்லிவிட்டால் அவரைப்போல நல்ல டாக்டர் கிடையாது.

நாலாவது வாரம் நீங்கள் வந்தீர்கள். வந்து அரைமணி நேரத்தில் இரண்டு விஷயத்தைப் பார்த்துவிட்டீர்கள். தண்ணீர்க் குடத்தை நான் எப்போதும் எடுக்கிற இடது இடுப்பில் எடுக்காமல் வலது பக்கம் எடுத்தேன். டிவிக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை இருந்தது.

"இது எதுக்குள்ள மாத்திரை?"

"கால்சியம் மதினி. கை வலிக்கு."

"ம்" என்றீர்கள். அவ்வளவுதான். போகும்போது காலியான அட்டையைக் குப்பையிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனது எனக்குத் தெரியாது. மறுநாள் கிங்ஸ் சர்க்கிளில் மருந்துக்கடையில் காட்டி, மார்புக் கட்டிக்குக் கொடுக்கிற மாத்திரை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வேலை நேரத்தில் கார்கானா வாசலில் வந்து நின்றீர்கள். மெஷின் சத்தத்தில் என்ன சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துவந்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டீர்கள்.

"மார்ல என்னட்டி?"

"ஒண்ணுமில்ல."

"காட்டு."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. ஆனால் காட்டினேன். நீங்கள் தொட்டது அந்த டாக்டரைவிட மெதுவாக இருந்தது. கையை எடுத்துவிட்டு என் முந்தானையை இழுத்து மூடிவிட்டீர்கள்.

"படம் எடுத்தானா?"

"இல்ல."

"ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தானா?"

"இல்ல மதினி. கொழுப்புன்னு சொன்னாரு."

"அவன் கண்ணு என்ன எக்ஸ்ரேயா? டீச்சரம்மா ஒண்ணும் இல்லாமலே வருசா வருசம் போயி மெஷின்ல வச்சுப் படம் எடுத்துட்டு வாரா. உனக்குக் கையில தட்டுப்படுது, தொட்டுப் பார்த்தே சொல்லிட்டானாம். எந்திரி."

இப்படித்தான் நான் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வரிசைக்கு வந்தேன். என் புத்தியால் இல்லை. படம் எடுத்தார்கள், ஸோனோகிராபி பார்த்தார்கள், ஊசி குத்தினார்கள். பத்து நாளில் பெயர் சொன்னார்கள். புற்று. ஆனால் இன்னும் வெளியே பரவவில்லை, சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். அவர் சின்னப் பெண், மராத்திக்காரி. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மா எப்படி இறந்தார் என்றார். எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது வயிற்றுவலி வந்து இறந்துபோனாள் என்றேன். நீங்கள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் நீங்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள். அடிக்கடி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். உங்கள் தம்பியோடு குசுகுசுவென்று பேசினீர்கள்; நான் வந்தால் நிறுத்தினீர்கள். மூன்றாவது நாள் சந்தில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று நீங்கள் பேசியது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"நல்லா விசாரிச்சுச் சொல்லுங்க. கல்யாணத்துக்கு முன்னால உள்ள விசயம்லா. அப்பம் தெரிஞ்சேதான் மறைச்சுக் கட்டிக் குடுத்திருக்காவ."

முடிந்தது என்று நினைத்தேன். குழந்தையும் இல்லை, இப்போது ஒரு மார்பும் போகப்போகிறது, ஏமாற்றிக் கட்டிக்கொடுத்தார்கள் என்று ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. நீங்கள் உள்ளே வந்ததும் கத்தினேன். பதினேழு வருஷத்தில் உங்களிடம் குரலை உயர்த்தியது அன்றுதான்.

"உங்க தம்பிக்கு வேற பொண்ணு பாக்குதியளா? எங்கிட்டயே சொல்லிருங்க. நானே போயிருதேன்."

நீங்கள் வந்து தரையில் என் எதிரே உட்கார்ந்தீர்கள்.

"உங்கம்மை வயித்து வலியில சாகலட்டி."

அப்புறம்தான் சொன்னீர்கள். என் பெரியம்மாவை நாலு தடவை போனில் பிடித்து, மிரட்டி, கெஞ்சிக் கேட்டு வாங்கிய விஷயம். என் அம்மாவுக்கு மார்பில்தான் வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வயலுக்குப் போயிருக்கிறாள். புண்ணாகி வாடை வந்த பிறகுதான் பெரியம்மாவுக்கே தெரிந்திருக்கிறது. பெண் பிள்ளை இருக்கிற வீடு, வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று வயிற்றுவலி என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தெட்டு வருஷம் நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் நம்பவில்லை. அந்தச் சின்ன டாக்டர் கேட்டதும் நான் பதில் சொன்ன வேகத்தில் உங்களுக்கு எதுவோ உறுத்தியிருக்கிறது.

அழுது முடித்த பிறகும் எனக்கு ஒன்று விடவில்லை. "மறைச்சுக் கட்டிக் குடுத்தாவன்னு சொன்னீங்கள்லா?"

"சொன்னேன். கோவம் வந்துச்சு, சொன்னேன். வேற பொண்ணப் பத்தியும் ஒரு நிமிசம் நெனச்சேன். உன்கிட்டப் பொய் சொல்லமாட்டேன். நெனச்சுட்டு, என் மூஞ்சியில நானே காறித் துப்பணும்போல இருந்துச்சு."

அன்றைக்குத்தான் நான் உங்களை முதல்முதலாக நம்பினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. ஒரு நிமிஷம் நினைத்தவள் இன்னொரு நிமிஷம் நினைக்கமாட்டாளா என்றுதான் அன்று படுத்தேன். ஆனால் மறுநாள் டாக்டரிடம் போய், அம்மாவுக்கும் இருந்தது என்று சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார், இது முன்பே தெரிந்திருந்தால் உங்களை இன்னும் சின்ன வயதிலேயே வருஷா வருஷம் பார்க்க ஆரம்பித்திருக்கலாம் என்று. என் அம்மா மறைத்தது அவள் உயிரை மட்டும் எடுக்கவில்லை, என்னையும் கிட்டத்தட்ட எடுக்கப் பார்த்தது.

ஆபரேஷன் நடந்தது. அப்புறம் கீமோ. தலைமுடி கையோடு வந்தபோது, நீங்கள் உங்கள் மகள் பிரேமாவின் பழைய துப்பட்டாவைக் கிழித்து என் தலையில் கட்டிவிட்டீர்கள். உங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனாலும் மருந்து பாட்டில் தொங்கவிடும் முன்பு சீட்டில் உள்ள என் பெயரையும் பாட்டிலில் உள்ள பெயரையும் எழுத்து எழுத்தாக, படம் பார்ப்பதுபோல ஒத்துப் பார்ப்பீர்கள். அந்த மலையாள நர்ஸுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் முறையிலிருந்து அவளே பாட்டிலை உங்கள் கண் முன்னால் நீட்டி, "சேச்சி, பார்த்தாச்சா? தொடங்கட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்தாள். நீங்கள் தலையாட்டினால்தான் எனக்கு மருந்து ஏறும். வாந்தி எடுக்கும் போதெல்லாம் என் நெற்றியைப் பிடித்துக்கொள்வீர்கள். எந்த மாதத்தில், எந்த நாளில் என்று சொல்லத் தெரியவில்லை, எனக்குள்ளே உட்கார்ந்திருந்த அந்த எண்ணம் எழுந்து போய்விட்டது. மறுபடி வரவில்லை.

வராமலே போனதுதான் தப்பாகிவிட்டது.

ரேடியேஷன் நாட்களில் வராந்தாவில் ஒரு பெண் வந்து, கூட வந்திருக்கும் பெண்களிடம் பேசுவாள். நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள், உங்களையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், கர்ப்பப்பை வாய்க்கு ஒரு சின்னச் சோதனை, ஐந்து நிமிஷம்தான், வலிக்காது என்பாள். உங்களிடமும் வந்தாள். "மௌசி, ஆப் பீ கர்வா லோ" என்று, நீங்களும் செய்துகொள்ளுங்கள் என்றாள்.

"எனக்கு எதுக்கு? என் புருசன் செத்து இருவது வருசம் ஆச்சு" என்றீர்கள் தமிழிலேயே. அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வயதான பெண்களும் பார்க்க வேண்டும் என்றாள் பொறுமையாக. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

"தேடுதவன் எதையாவது கண்டுபிடிச்சுத்தாம்ட்டி தீருவான். சும்மா அனுப்புவானா?" என்றீர்கள் என்னிடம்.

"என்னத் தேடச் சொல்லிக் கூட்டிட்டு வந்தது யாரு?"

"உனக்குக் கட்டி இருந்துச்சு. எனக்கு என்ன இருக்கு?"

நான் சிரித்தேன். இன்னும் இரண்டு தடவை கேட்டிருக்கலாம். நீங்கள் என்னை இழுத்ததுபோலக் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். என் உடம்பு, என் களைப்பு, என் பயம் என்று எனக்கு அப்போது என்னைத் தவிர வேறு ஞாபகம் இல்லை.

சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் கழித்து அந்த ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம்தான் என் வருஷச் சோதனை ரிப்போர்ட் நல்லபடியாக வந்திருந்தது. நீங்கள் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிவந்து, பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனீர்கள். கறிவேப்பிலையை எடுக்கப் பையில் கைவிட்டேன். அடியில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். பிரிந்திருந்தது. மாதவிலக்குக்கு வைக்கிற பேட். உங்களுக்கு அதெல்லாம் நின்று ஆறேழு வருஷம் ஆகியிருந்தது.

நீங்கள் துண்டோடு வந்து நின்றீர்கள். நான் பொட்டலத்தைப் பார்த்தேன், உங்களைப் பார்த்தேன்.

"பிரேமாவுக்கு. அவ வாங்கிட்டு வரச் சொன்னா. அவ வீட்டுப் பக்கம் கிடைக்கலையாம்."

மதினி, உங்கள் மகள் இருப்பது செம்பூரில். ஸ்டேஷனைச் சுற்றி நாலு மருந்துக்கடை. அங்கே கிடைக்காத சாமான் தாராவியிலும் மாட்டுங்காவிலும் கிடைக்குமா? சின்னக் குழந்தைகூட நம்பாத பொய். மாத்திரை அட்டையைக் குப்பையிலிருந்து பொறுக்கி மருந்துக்கடைக்குக் கொண்டுபோன நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால், அந்த நிமிஷமே பிரேமாவுக்குப் போன் போட்டிருப்பீர்கள். நான் "சரி மதினி" என்றேன். பொட்டலத்தைத் திரும்பச் சுற்றி வைத்துவிட்டு, முருங்கைக்காய் நறுக்க உட்கார்ந்தேன். அன்று சாம்பார் ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லி இரண்டாம் தடவை சாப்பிட்டீர்கள். அதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உங்கள் சிரிப்பை, பலகாரத்தை, நீங்கள் போனில் பேசுவதை என்று வருஷக்கணக்கில் எதையெதையோ சந்தேகப்பட்டேன். எல்லாம் வீண். சந்தேகப்பட வேண்டிய ஒரே ஒரு நாளில் உங்களை நம்பினேன்.

எட்டு மாதம் கழித்து டீச்சரம்மா போன் செய்தார். நீங்கள் அடுப்படியில் விழுந்துவிட்டீர்கள், தரையெல்லாம் ரத்தம் என்று. கர்ப்பப்பை வாயில் ஆரம்பித்தது அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. இப்போது பையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அந்த மலையாள நர்ஸ் உங்களைப் பார்த்ததும், நோயாளி நான்தான் என்று நினைத்து என்னிடம் வந்தாள். அப்புறம் உங்கள் கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்தாள்.

"ஏன் மதினி சொல்லல?" என்று உங்களிடம் மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை, "சொன்னா நீ இழுத்துட்டுப் போவ, தெரியும்" என்றீர்கள். இரண்டாம் தடவை, "வெக்கமா இருந்துச்சுட்டி. இந்த வயசுல அங்கன காட்டணுமா?" என்றீர்கள். கடைசியாகக் கேட்டபோது உங்களுக்குக் குரல் சரியாக வரவில்லை. "உன்கூட வரும்போது ரெண்டு தடவ அந்தச் சோதன ரூம் வரைக்கும் போனேன். அவங்க ஏதும் சொல்லிட்டா, பெறவு உன்கூட யாரு வருவா?" என்றீர்கள்.

மூன்றில் எது நிஜம்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதை நான் நம்ப விரும்பவில்லை. நம்பினால் என்னால் தாங்க முடியாது. நான் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குக் காட்ட நீங்கள் சொன்ன பொய்யாகவும் இருக்கலாம். வெட்கம் என்பதுதான் நிஜமாக இருக்கும் என்று சில நாள் நினைக்கிறேன். என் அம்மா துணியை இறுக்கிக் கட்டியதும் அதனால்தானே.

பத்து மாதம் இருந்தீர்கள். கடைசி வாரத்தில் தண்ணீர் கொடுத்தால்கூட, "காய்ச்சினதா?" என்று கண்ணால் கேட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு மாட்டுங்காவுக்குப் போய் டீச்சரம்மாவைப் பார்த்தேன். உங்கள் டிபன் டப்பாவையும் ஒரு மாற்றுப் புடவையையும் எடுத்து வைத்திருந்தார். உண்மையைச் சொல்கிறேன், கோபத்தோடுதான் போனேன். படித்தவர், பத்து வருஷம் உங்கள் கையால் சாப்பிட்டவர், எதையும் கவனிக்கவில்லையா என்று கேட்க வேண்டும் என்றிருந்தது. நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வருஷா வருஷம் நான் செக்கப் போறச்சே அவளத்தான் கூட்டிண்டு போவேன், செல்வி. என் பேகையும் கண்ணாடியையும் வச்சுண்டு வெளியில உக்காந்திருப்பா. பத்து வருஷம். ஒரு தடவைகூட, நீயும் உள்ள வந்து பாத்துக்கோயேன்னு எனக்குச் சொல்லத் தோணல்லியே."

அவர் அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அங்கேயே நின்றுபோனது. அவருக்குத் தோன்றவில்லை. அந்த வராந்தாவில் எனக்குத் தோன்றியது, நான் வற்புறுத்தவில்லை. இரண்டு பேரில் யார் பெரிய குற்றவாளி?

இனி பிரேமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு அவளிடம் சொன்னேன், நீ போய் அந்தச் சோதனையைச் செய்துகொள் என்று. அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், வங்கியில் வேலை. சரி சரி என்றாள். மாதத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்தினேன். ஆடிட் இருக்கிறது என்றாள், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றாள். போன வருஷம் ஒரு நாள் கேட்டபோது, "ஹோ கயா அத்தை! பண்ணிட்டேன். எல்லாம் நார்மல்" என்றாள்.

அந்தப் பதில் சீக்கிரமாக வந்தது. கேள்வியை நான் முடிக்கும் முன்பே வந்தது. போனை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனேன். கை வேலை செய்தது, மனசு செய்யவில்லை. செம்பூரில் பேட் கிடைக்காது என்று சொன்ன உங்கள் குரல்தான் காதில் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அவள் கதவைத் திறந்ததும் கேட்டேன். "ரிப்போர்ட் எங்க?"

"என்ன அத்தை, திடீர்னு? உள்ள வாங்க."

"காகிதத்தக் காட்டு. பெறவு உள்ள வாறேன்."

"போன்ல இருக்கு."

"போனக் காட்டு."

போனைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ தள்ளித் தள்ளிப் பார்த்தாள். காலி போன். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பிறகு சோபாவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "பயமா இருக்கு அத்தை. அம்மாவ அந்த பெட்ல பாத்த பிறகு அந்த வாசனையே எனக்கு ஆகல. எனக்கும் இருக்குன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. எனக்குச் சமாதானம் சொல்ல வராது. என் ரவிக்கையின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். "இங்கன ஒண்ணும் இல்ல, பாத்தியா? ஆனா நான் ஒன் முன்னால உக்காந்திருக்கேன். ஒங்கம்மைக்கு எல்லாம் இருந்துச்சு. அவ எங்க?" கொடுமையான பேச்சுதான். வேறு பேச்சு எனக்கு அப்போது கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து நிமிஷம்தான், அந்த வராந்தாப் பெண் சொன்னதுபோலவே. முடித்துவிட்டு வெளியே வந்த பிரேமா, "இதுக்கா அம்மா போகல?" என்றாள்.

அவளுக்குப் புற்று இல்லை மதினி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் சோதனையில் எல்லாம் நார்மல் என்றும் வரவில்லை. செல்லில் மாற்றம் ஆரம்பித்திருக்கிறது, இப்படியே விட்டால் சில வருஷத்தில் புற்றாக மாறலாம், இப்போது எடுத்துவிட்டால் போய்விடும் என்றார்கள். காலையில் போய் அதை எடுத்துக்கொண்டு மதியம் வீட்டுக்கு வந்துவிட்டாள். மறு சோதனையில் சுத்தமாக இருந்தது. டாக்டர் "இனி கவலை வேண்டாம்" என்றதும் நான் சும்மா இருக்கவில்லை. அடுத்து எப்போது வர வேண்டும், அதைக் காகிதத்தில் எழுதுங்கள், எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிரேமா வெட்கப்பட்டு என் முழங்கையை இடித்தாள். "பஸ் கரோ அத்தை, போதும். நீங்க எங்கம்மாவ விட மோசம்!"

என்னை யாரும் அவ்வளவு பெரிதாகப் புகழ்ந்ததில்லை.

கார்கானாவில் இப்போது எனக்குக் கீழே ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஒருத்தி இடுப்பைப் பிடித்தால் ஏன் என்று கேட்கிறேன். ஒன்றுமில்லை என்றால் நம்புவதில்லை. கிழவிக்குச் சந்தேக வியாதி என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். பேசட்டும். இதுவரை நாலு பேரைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். நாலு பேருக்கும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று சோதனை சொல்வது வேறு, நாமே சொல்லிக்கொள்வது வேறு.

இவ்வளவு பேசுகிறேனே தவிர, ஒவ்வொரு வருஷமும் இந்த நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. சோதனைக்கு ஒரு வாரம் முன்பே வலது மார்பில் ஏதோ தட்டுப்படுவதுபோல இருக்கும். தொடுவேன், இல்லை. மறுபடி தொடுவேன். கையை நம்பலாமா என்று தோன்றும். முதுகு வலித்தால் முதுகுக்குப் போய்விட்டதா என்று யோசிப்பேன். இந்தப் பயம் என்னோடு முடிகிறவரை இருக்கும். உங்களிடமிருந்து எனக்கு வந்ததைச் சுமக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னாலும், அதில் பாதி பயம்தான். உங்களுக்கும் பாதி பயமாகத்தான் இருந்திருக்கும். அப்போது எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பிரேமா போன் செய்தாள்.

"அத்தை, நாளைக்கு டெஸ்ட் இருக்குல்ல. தலைவலி, கார்கானால லீவ் குடுக்கல, அடுத்த வாரம் பாக்கலாம்னு ஏதாவது சொல்லுவீங்க. நான் நம்ப மாட்டேன். காலைல ஏழு மணிக்கு உங்க வாசல்ல இருப்பேன்" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

தலைவலி என்று சொல்லிவிடலாமா என்றுதான் மதினி அந்த நேரத்தில் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.